கோழிக்கால் தையல்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் உறையைத் தைத்தது நான்தான். தாராளமாகச் சாய்ந்து உட்காருங்கள் ஐயா, பிய்யாது. பதினோரு வருடமாக என் அண்ணன் அதில் தொப்பென்று விழுந்து எழுந்துகொண்டிருக்கிறார். அண்ணனுக்குத் தொண்ணூற்றெட்டு கிலோ. நாற்காலியின் கால்களை இரண்டு முறை மாற்றியாயிற்று, உறையை மாற்றவில்லை.

நானே உங்களை வரச் சொன்னது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். போன தடவை நீங்கள் விசாரிக்க வந்தபோது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பதில் சொல்லி முடித்துவிட்டாள். இந்த வீட்டில் அது வழக்கம். இன்று மேலே வீட்டில் யாரும் இல்லை. அண்ணனும் அண்ணியும் மகனைக் கூட்டிக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அதனால் நிதானமாகப் பேசலாம். நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், என் குரல் எழும்பாது.

விஷயம் இதுதான். உங்கள் அறிக்கையின் நகல் ஒன்று அண்ணனுக்கு வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. "மிகப் பழைய, பழுதடைந்த இயந்திரத்தில் தைக்கப்பட்டதே பட்டை பிரிந்ததற்குக் காரணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, இந்த இயந்திரத்தை மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி உடைத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். வருகை எடுக்கும்போது டீச்சருக்குக் கேட்கிற மாதிரி "உள்ளேன்" சொல்ல வராமல், வந்த நாளெல்லாம் வராத நாளாகி, கடைசியில் நின்றே போனவள். ஆனாலும் படிக்கத் தெரியும். அந்த வரியை மூன்று முறை படித்தேன். அது பொய்.

இதோ, நீங்கள் அரக்கு முத்திரை வைத்துப் போயிருக்கிறீர்களே, இதுதான் அந்த மிஷின். ஒரு செருப்புக் கடையை மூடியபோது அண்ணன் வாங்கி வந்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இப்போது நாற்பத்தேழு. தூக்கி வந்த நான்கு பேரும் வாசலில் இறக்கி வைத்துவிட்டு அண்ணனைத் திட்டினார்கள். முழுக்க இரும்பு. மேலே இருந்த தங்கக் கோடுகள் என் கை பட்டே தேய்ந்துபோயின. கீழே மிதிபலகையின் வலது மூலையில் ஒரு பள்ளம் தெரிகிறதா? அது என் கால் கட்டை விரல்.

இருபத்தெட்டு வருடத்தில் இதற்கு நான் மாற்றியது ஊசிகளும், சக்கரத்தைச் சுற்றும் தோல் வாரும்தான். வேறு எதுவும் கெட்டதில்லை. சொல்லப்போனால் இதன் ஒரே குறை அதுதான். கெட்டுப்போகிற பொருளைத்தான் வீட்டில் நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். மேலே இருக்கிற குளிர்பெட்டி மாதம் ஒருமுறை நிற்கும், அண்ணி அதற்கு நெற்றியில் பற்றுப் போடாத குறையாக உபசாரம் செய்வாள். ஓடிக்கொண்டே இருக்கிற பொருளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் தொழில் உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வண்ணம் அடிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் பெல்ட், உங்கள் அறிக்கையில் பட்டை. கெட்டி நாடாவை இரும்பு வளையத்துக்குள் விட்டு மடித்து, நாலு மடிப்பையும் சேர்த்துத் தைக்க வேண்டும். ஆள் தொங்குவது அந்தத் தையலில்தான். தினமும் காலையில் தைக்கும் முதல் பெல்ட்டை அண்ணன் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, அதோ அந்த உத்தரத்தில் தொங்குவார். பத்து நிமிடம். டீயும் செய்தித்தாளும் தொங்கியபடியே. அண்ணி மாடிப்படியில் நின்று கத்துவாள்: "அங்கேயே ஒரு அடுப்பப் போட்டுக் குடித்தனம் பண்ணுங்க. இறங்கி வர்ற எண்ணமே இல்லயா?" அண்ணன் சுற்றிக்கொண்டே, "இங்கதான்டி உன் சத்தம் பாதியாக் கேக்குது" என்பார். முதல் பெல்ட் தாங்கினால் அன்றைக்குள்ள எல்லாம் தாங்கும் என்பது அண்ணனின் கணக்கு. இந்த மிஷின் வரை அந்தக் கணக்கு சரிதான். காலையில் எப்படித் தைத்ததோ அப்படியே சாயங்காலமும் தைக்கும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். என் குறி. பழைய மிஷின் முன்னால் மட்டும்தான் ஓடும், பின்னால் ஓடாது. தையலின் முடிவில் நூல் அவிழாமல் இருக்க, ஊசியை நாடாவிலேயே குத்தி நிறுத்தி, நாடாவை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பாதத்தைத் தூக்கி, நாடாவைக் கையால் திருப்பி, மூன்று தையல் போட வேண்டும். மறுபடி திருப்பி மூன்று. மறுபடி மூன்று. முடிக்கும்போது அது கோழி மண்ணில் நடந்த கால்தடம் மாதிரி விரிந்து நிற்கும். கோழிக்கால் என்று பெயர் வைத்தது நான் அல்ல. வைத்தவர் சுண்ணாம்பு அண்ணன்.

ஆமாம், அவர்தான். உங்கள் அறிக்கையில் வேறு பெயர் இருக்கிறது. தலைமுடியில் எப்போதும் வெள்ளை வண்ணத் துளிகள் இருக்கும், அதனால் எல்லோருக்கும் சுண்ணாம்பு. கயிற்றில் தொங்குகிற பத்துப் பேருக்கு அவர்தான் மேஸ்திரி, பெல்ட் வாங்க அவரே வருவார். வண்ணக்காரர்கள் பெல்ட்டை அப்படியே வாங்கிப் போக மாட்டார்கள். வளையத்தில் காலை வைத்து மிதித்து, நாடாவை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு. தையல் சரியில்லை என்றால் அங்கேயே வாயைப் பிளந்துவிடும். ஒவ்வொரு பெல்ட்டையும் இழுப்பார்கள். சுண்ணாம்பு அண்ணன் மட்டும் முடிவைத் திருப்பிப் பார்ப்பார். கோழிக்கால் இருந்தால் தோளில் போட்டுக்கொள்வார்.

"இத இழுத்தா இந்தப் பிள்ளய அவமானப்படுத்துன மாதிரி" என்பார். "என் பெஞ்சாதி வார்த்தயக் கூட நான் ரெண்டு தடவ விசாரிப்பேன், தங்கச்சி தையல விசாரிக்க மாட்டேன்."

வீட்டில் எனக்கு ஊமைக் கோட்டான் என்று பெயர். வாயால் இரண்டு வார்த்தை பேசி என்னிடமிருந்து ஒரு வார்த்தையை வாங்கியவர் அவர் ஒருவர்தான். வரும்போதெல்லாம் மிஷினைத் தட்டிக்கொடுப்பார். "எங்க ரெண்டு பேர்ல யார் முதல்ல ஓய்வு எடுக்கறோம்னு பாப்போம்" என்பார். நான் சிரிப்பேன். சத்தம் வராது, ஆனால் அவருக்குத் தெரியும்.

அவரிடம் எனக்கு எந்த விரோதமும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடக் கடைசியில் அண்ணன் மகன் புது மிஷினைக் கொண்டு வந்தான். மின்சாரத்தில் ஓடுவது. வெள்ளை நிறம், மேலே ஒரு சின்ன விளக்கு. "அத்தை, இனி நீங்க கால் வலிக்க மிதிக்க வேணாம்" என்றான். எனக்குக் கால் வலித்ததே இல்லை. சொன்னேன். அவன் அதற்குள் பிளக்கைச் சொருகிவிட்டான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அது மோசமான மிஷின் அல்ல. நாலு மடிப்பையும் வெண்ணெய் மாதிரி குத்திப் போனது. நான் ஒரு பெல்ட் தைக்கிற நேரத்தில் அது மூன்று தைத்தது. முடிவில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே பின்னால் ஓடி நூலை இறுக்கிக்கொண்டது. அண்ணன் அதன் முதல் பெல்ட்டில் தொங்கினார். பத்து நிமிடம் தொங்கி, செய்தித்தாளை விளம்பரம் வரை படித்து, இறங்கினார். ஒரு நூல்கூட அசையவில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அது உடனே கெட்டுப்போயிருந்தால் எனக்கு இவ்வளவு வேலை வந்திருக்காது.

இரண்டு மிஷினும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. அவன் தைப்பதில் குறி இருக்காது, நான் தைப்பதில் இருக்கும். சுண்ணாம்பு அண்ணன் வந்தால் கோழிக்கால் இருப்பதாகப் பார்த்துத் தனக்கு ஒன்று எடுத்துக்கொள்வார், மற்றதை ஆட்களுக்கு. இப்படியே போயிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன்.

பிறகு காபிக் கடைக்காரர் வந்தார். இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறக்கப் போகிறவர், அண்ணன் மகனின் சிநேகிதர். கையில் அளக்கிற நாடா. மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். "இந்தக் கால் ஸ்டாண்ட் மேல கண்ணாடி போட்டா அருமையான டேபிள். தலைய மட்டும் தனியாக் கழட்டி, ஓடாதபடி வெல்டிங் வெச்சு, அதுமேல ஒரு லைட்" என்றார்.

நான் தைத்துக்கொண்டிருந்தேன் ஐயா. ஊசி ஓடிக்கொண்டிருந்தபோது அவர் என் தலைக்கு மேலே குனிந்து அளந்தார்.

"இது ஓடுது" என்றேன்.

"என்னம்மா?"

"நல்லா ஓடுதுங்க."

"ஓடணும்னு அவசியமே இல்லம்மா. பாக்க இருந்தாப் போதும்."

அன்று சாப்பிடும்போது நான் நாலு தடவை சொன்னேன். அதை எண்ணினேன், அதனால்தான் தெரியும். "அண்ணே, அதைக் குடுக்க வேணாம்." முதல் தடவை அண்ணி குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை அண்ணன் மகன் போனில் இருந்தான். மூன்றாவது தடவை அண்ணன் என்னைப் பார்த்து, "உப்பா? இந்தா" என்று உப்பை நகர்த்தினார். நாலாவது தடவை எல்லோருக்கும் கேட்டது.

"அத்தை, அது டைனோசர் அத்தை" என்றான் பையன். "அது செத்தாலும் நாமதான் அடக்கம் பண்ணணும். இப்பவே ஒருத்தர் ஆசப்பட்டுக் கேக்கறார்."

"கோட்டான் கூவிருச்சு, இன்னிக்கு மழ வரும்" என்றாள் அண்ணி. அவள் கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருவாள். எல்லோரும் சிரித்தார்கள். உப்பை நான் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

நான் யோசித்தேன். இவர்களுக்குக் காது கேட்காது, கண் தெரியும். கண்ணால் பார்த்தால் நம்புவார்கள். புது மிஷின் ஆபத்தானது என்று பார்த்துவிட்டால் பழையதைக் கொடுக்க மாட்டார்கள். இதில் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

தையல் என்பது இரண்டு நூல். மேலே ஒன்று, கீழே பாபின் என்கிற சின்ன நூல்கண்டிலிருந்து ஒன்று. இரண்டும் நாடாவின் நடுவில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். பாபினைப் பிடித்திருக்கும் கூட்டில் எள் அளவு ஒரு ஸ்க்ரூ உண்டு. அதை இறுக்கி, மேல் நூலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் கீழ் நூல் வளையாமல் நேராகப் படுத்துவிடும். மேலே பார்த்தால் முத்துக் கோத்த மாதிரி இருக்கும். இழுத்தால் கீழ் நூல் உருவிக்கொண்டு வரும். காலையில் அண்ணன் தொங்கி இறங்கிய பிறகு, பையன் போன் பேச வாசலுக்குப் போனபோது, நான் எழுந்து போய் அந்த இரண்டையும் திருகினேன். தண்ணீர் குடிக்கப் போகிற நேரம்கூட ஆகவில்லை.

அன்று அவன் தைத்த எட்டில் இரண்டு, வண்ணக்காரர்கள் இழுத்துப் பார்த்தபோதே பிளந்துவிட்டன. தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார்கள். "தம்பி, இது பெல்ட்டா, பாவாட நாடாவா?" என்றார் ஒருவர். எட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. இனி அண்ணன் பேசுவார் என்று காத்திருந்தேன்.

அண்ணன் மகன் சிரித்தான். ஸ்க்ரூவைச் சரிசெய்து ஒரு துண்டில் தைத்துப் பார்த்தான். "புதுசுல்ல, செட்டாகணும்" என்றான். அண்ணனும் தலையாட்டினார். "புது மருமக மாதிரி. கொஞ்சம் முரண்டு பண்ணும்."

அடுத்த வாரம் மறுபடி செய்தேன். மறுபடி இழுத்தார்கள், பிளந்தது, திருப்பிக் கொடுத்தார்கள். அவன் மெக்கானிக்கை வரவழைத்தான். மெக்கானிக் மிஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லயே, தங்கமான மிஷின்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது தடவையும் அதேதான். அப்போது அவன் என்ன செய்தான் தெரியுமா? அண்ணியின் நகப் பாலிஷை எடுத்து வந்து, ஸ்க்ரூவைச் சரியான இடத்தில் வைத்து, தலையில் ஒரு சொட்டு விட்டான். காய்ந்தால் ஸ்க்ரூ தானாக நகராது. "இனிமே இது ஆடாது அத்தை" என்று என்னிடமே காட்டினான். சிவப்பு. பளபளவென்று.

இந்த எரிச்சலை உங்களுக்கு எப்படிச் சொல்வது? என் மிஷின் இருபத்தெட்டு வருடம் ஒரு தையல்கூடத் தவறவில்லை, அதற்கு வெல்டிங். இது மூன்று வாரத்தில் மூன்று முறை தவறியது, அதற்கு நகப் பாலிஷ். ஒரு பொருள் எத்தனை தடவை தப்புச் செய்தால் இந்த வீட்டில் அதைத் தப்பு என்பார்கள்? யாராவது ஒரு ஆள் திருப்பிக் கொண்டுவந்து போட்டுக் கத்தினால் போதாது என்று எனக்குப் புரிந்தது. திரும்பி வருகிற பெல்ட்டைச் சரிசெய்துவிடலாம்.

அண்ணன், வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் காபிக் கடை வண்டி வரும் என்று சொன்னார். சொன்னது புதன்கிழமை காலையில், உத்தரத்தில் தொங்கிக்கொண்டே.

புதன்கிழமை மதியம் எல்லோரும் மேலே சாப்பிடப் போனார்கள். நான் பிறகு சாப்பிடுகிறேன் என்றேன், யாரும் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. எனக்கு அரை மணி நேரம் இருந்தது. நகப் பாலிஷை ஊசி முனையால் உரித்தேன். ஸ்க்ரூவைத் திருகினேன். புது மிஷினில் உட்கார்ந்து ஒரே ஒரு பெல்ட் தைத்தேன். முன்னால் செய்தது போல அவ்வளவு தளர்வாக இல்லை, அதில் பாதி. பிறகு ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே அலமாரியில் இருந்த பாலிஷில் ஒரு சொட்டு விட்டேன். உங்கள் ஆட்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூத் தலையின் வெட்டுக்குள் பழைய பூச்சின் துணுக்கு இருக்கும், அதன் மேல் இரண்டாவது பூச்சு.

அந்த பெல்ட்டின் முடிவில் கோழிக்கால் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பழக்கதோஷம். இருபத்தெட்டு வருடம் ஒரே மாதிரி முடித்த கை.

வியாழக்கிழமை காலையில் சுண்ணாம்பு அண்ணன் வந்தார். ஆறு பெல்ட் அவர் கேட்டிருந்தது. அண்ணன் மகன் புது மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தான், ஒரே இரைச்சல். அவர் ஒவ்வொன்றாக மிதித்து இழுத்தார். பையன் தைத்த ஐந்தும் தாங்கின. ஆறாவதைத் திருப்பிப் பார்த்தார்.

"ஆ, நம்ம கோழி வந்திருக்கு" என்றார். "இது எனக்கு."

என் மிஷினைத் தட்டிக்கொடுத்தார். "நாளைக்கு இதத் தூக்கிட்டுப் போறாங்களாமே. நெசமா? உங்கண்ணங்கிட்ட நான் சொல்றேன் தங்கச்சி, கவலப்படாத. நாளைக்குச் சாயங்காலம் வேல முடிஞ்சதும் வந்து பேசறேன்."

"காலைலயே வந்துருவாங்க" என்றேன்.

"அப்ப நாளைக்கு மதியம் வரேன்."

கவனியுங்கள் ஐயா. காலையில் வண்டி வருகிறது என்கிறேன், மதியம் வருகிறேன் என்கிறார். அவருக்கும் அன்று என் குரல் கேட்கவில்லை.

அவர் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். அப்போது நான் சொன்னேன். "அண்ணே, இழுத்துப் பாத்துட்டுக் கட்டுங்க." சொன்னேன். பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, என் குரல் எப்படி என்று உங்களுக்கு இப்போது தெரிகிறதே. ஆனால் சொன்னேன். சொல்ல வேண்டியது என் கடமை, காதில் வாங்குவது கேட்கிறவர் பாடு.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குச் செய்தி வந்தது. ஏழாவது மாடி. சன்னல் ஓரத்தில் எட்டாத ஒரு மூலைக்கு வண்ணம் அடிக்கச் சாய்ந்திருக்கிறார். பத்தே முக்காலுக்கு வாசலில் கூட்டம் கூடியது. பதினோரு மணிக்கு வந்த காபிக் கடை வண்டி தெருமுனையிலேயே நின்று திரும்பிப் போய்விட்டது. நான் சன்னலிலிருந்து பார்த்தேன். மிஷின் இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் நினைத்தபடியே எல்லாம் நடந்திருக்க வேண்டும். இத்தனை தடவை தவறிய புது மிஷின்தானே பிரிந்ததற்குக் காரணம் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும். ஆனால் நீங்கள் பிரிந்த பெல்ட்டை மேஜையில் வைத்து, "இது யார் தைத்தது?" என்று கேட்டீர்கள். அண்ணன் கோழிக்காலைப் பார்த்தார். முகத்தை மூடிக்கொண்டார். "என் தங்கச்சி. பழைய மிஷின்" என்றார். அண்ணன் மகனும் அதையே சொன்னான். எனக்காக அழுதான் வேறு. "நான்தான் சார் அத அன்னிக்கே நிறுத்தியிருக்கணும், அத்தை மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டேன்" என்றான். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். யாரும் மிஷினை ஓட்டிப் பார்க்கவில்லை. அதன் வயதைக் கேட்டீர்கள், தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

இப்போது நான் சொல்வதைச் செய்யுங்கள். அந்த பெல்ட்டின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தைக்கும்போது நாடாவை நகர்த்துவதற்கு மிஷினின் அடியில் இரும்புப் பல் இருக்கும், அது நாடாவில் சீப்பு வைத்த மாதிரி தடம் பதிக்கும். என் மிஷினில் இடது பக்கம் மூன்றாவது பல் பாதி உடைந்திருக்கும். வேலைக்கு உட்கார்ந்த முதல் மாதம் ஒரு இரும்பு வளையத்தின் மேல் ஓட்டிவிட்டேன், அதனால். அது என் தப்பு, மிஷினுடையது அல்ல. நான் தைத்த எந்த பெல்ட்டை எடுத்தாலும் சீப்பில் அந்த ஓட்டை இருக்கும். சுண்ணாம்பு அண்ணன் கட்டியிருந்த பெல்ட்டில் ஓட்டை இருக்காது. பல் வரிசை ஒழுங்காக, பொடிப் பொடியாக இருக்கும். அது புது மிஷின் பல்.

அவர் மனைவி போன வாரம் வந்தாள். அதோ அந்த நிலைப்படியில் நின்றாள், உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. என்னைத் திட்டுவாள் என்று அண்ணி எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் திட்டவில்லை. "நீங்க தச்ச பெல்ட்னா, நீ வீட்ல நிம்மதியா இருன்னு எங்கிட்ட சொல்வாரு" என்றாள். "அந்தப் பழைய மிஷின ஏம்மா இன்னும் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அது மிஷினின் தப்பு இல்லை என்று சொன்னேன். அவளுக்கும் கேட்கவில்லை.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். பாபின் கூடு, நகப் பாலிஷ், பல் தடம், எல்லாம் சொல்லிவிட்டேன். அண்ணன் மகனுக்கும் இதில் சம்பந்தம் இல்லை, அதையும் எழுதலாம். முக்கியமானது அந்த இரண்டாம் பக்கத்து வரி.

பேனாவை ஏன் வைத்துவிட்டீர்கள்?

சரி. கேளுங்கள். புது மிஷினில் ஒரு பொத்தானை அழுத்தினாலே நூல் முடிந்துவிடும் என்று நானே சொன்னேன், பிறகு எதற்குக் கையால் திருப்பினேன் என்கிறீர்கள். பழக்கம் என்றேனே. பழக்கம்தான். ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். புது மிஷினில் பாதத்தைத் தூக்கும் பிடி பின்பக்கம் இருக்கிறது. என் கைக்கு அது தெரியாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் எட்டிப் பார்த்துத் தேட வேண்டியிருந்தது. மூன்று தடவை தேடினேன். அந்தக் குறியைப் பார்த்தால் எல்லோரும் என் பழைய மிஷினைத்தான் நினைப்பார்கள் என்று மட்டும் தோன்றவில்லை. அரை மணி நேரத்தில் எவ்வளவைத்தான் யோசிப்பது?

குறி இல்லாத பெல்ட்டை அதற்கு முன் மூன்று தடவை இழுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் ஐயா. நான்காவதும் திரும்பி வந்திருக்கும், பையன் சிரித்துக்கொண்டே இன்னொரு சொட்டுப் பாலிஷ் விட்டிருப்பான், வெள்ளிக்கிழமை வண்டி வந்திருக்கும். இழுத்துப் பார்க்காமல் கட்டிக்கொள்கிற ஆள் என்று எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

அந்த வரியை அடித்துவிட்டீர்களா?